இருபது வயதுக்குப் பிறகு வந்த கிட்டப்பார்வை: பவர் எதுவரை ஏறும்?

கேள்வி: தங்கச்சிமடத்துக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 23 வயது ஆகிறது. பள்ளிக்காலம் முழுவதும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் படித்தவன் நான். கல்லூரி இரண்டாம் ஆண்டில், 20 வயதில், முதன்முதலாக இரு கண்ணுக்கும் மைனஸ் 0.75 என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது மைனஸ் 1.25 ஆயிற்று. சென்ற மாதம் இராமநாதபுரத்தில் சோதித்தபோது வலக்கண் மைனஸ் 1.75, இடக்கண் மைனஸ் 1.50 என்றும், முன்பு இல்லாத சிலிண்டர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர்) மைனஸ் 0.50 இடக்கண்ணில் புதிதாக இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

கண்ணில் குறை இருப்பது எனக்குத் தெரியவந்ததே கடலில்தான். ஒரு விடுமுறை நாளில், பொழுது விடியுமுன்பே அப்பாவுடன் வடகடலில் வலை எடுக்கப் போனேன். திரும்பிப் பார்த்தபோது இராமேசுவரம் டிவி கோபுரத்தின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றும் செம்பருத்தி அளவுக்கு விரிந்து தெரிந்தன. கண்ணைச் சுருக்கினால் மொட்டாகக் குவிந்தன. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வெளுத்த பிறகு, மிதவையில் கட்டியிருந்த கறுப்புக் கொடியைக் காட்டி, "அந்தா, முன்னாடிதானடா ஆடுது" என்று அப்பா கை நீட்டினார். எனக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் மட்டுமே தெரிந்தது. அவருக்கு வயது 52.

இப்போது போட்டித் தேர்வுக்காக நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் படிக்கிறேன். மாலையில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணினியில் கணக்கு ஏற்றுகிறேன். கண்ணாடியைத் தொடர்ந்து போட்டால் கண் அதற்கே பழகிப் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று அப்பத்தா சொல்கிறார். ஒரு கண்ணாடிக் கடையில்கூட, முழுப் பவர் கொடுத்தால் கண் சோம்பேறியாகிவிடும் என்று அரைப் பவர் குறைத்தே செய்து கொடுத்தார்கள். ஓராண்டு அதை அணிந்ததில் தலைவலிதான் மிச்சம். பவர் நின்றபாடில்லை.

சின்ன வயதில் வராமல் இந்த வயதில் வந்த கிட்டப்பார்வை எதுவரை ஏறும், எப்போது நிற்கும் என்பதே என் கேள்வி. இப்படியே போனால் நாற்பது வயதில் மைனஸ் ஆறு, ஏழு என்று ஆகிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. இரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணமும் இருந்தது. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர், மண்டபம்

தம்பி, முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் என் பணிக்காலத்தில் பாதி நேரம் இதிலேயே போயிற்று. கிட்டத்தில் தெரிகிறது, தூரத்தில் தெரியவில்லை என்றால் அது கிட்டப்பார்வை. ஆனால் நம் பக்கத்தில் பலர், தூரம் தெரியாததால், அதையே "எனக்குத் தூரப்பார்வை" என்று சொல்வார்கள். வாய்ச்சொல்லை நம்பாமல் சீட்டில் மைனஸ் இருக்கிறதா, பிளஸ் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுடையது மைனஸ், அதாவது கிட்டப்பார்வை.

மைனஸ் எண் என்பது ஓர் அளவுகோல், அதன் அலகு டயாப்டர். 1 என்ற எண்ணை உங்கள் பவரால் வகுத்தால், கண்ணாடியில்லாமல் எத்தனை மீட்டர் தொலைவு வரை உங்களுக்குத் தெளிவு இருக்கிறது என்பது கிடைக்கும். 0.75 இருந்தபோது அது ஏறத்தாழ 1.33 மீட்டர், 1.25 ஆனபோது 80 சென்டிமீட்டர். இப்போது வலக்கண்ணுக்கு 57 சென்டிமீட்டர், அதாவது கையை நீட்டித் தொடும் தூரம். கண்பந்தின் முன்பின் நீளம் பெரியவர்களுக்குச் சராசரியாக 23.5 முதல் 24 மில்லிமீட்டர் வரை இருக்கும். அது ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் மைனஸ் கூடும். படம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுவதற்கு அந்த நீட்சிதான் காரணம். இருபது வயதுக்கு மேல் தொடங்கும் கிட்டப்பார்வையிலும் பெரும்பாலும் நடப்பது இதுவே. கண்ணின் பின்பகுதி கொஞ்சம் நீள்கிறது. நீண்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை. ஆகவே பயிற்சி செய்து பவரை இறக்குவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எட்டு, ஒன்பது வயதில் தொடங்கும் கிட்டப்பார்வைக்கும் உங்களுடையதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, ஓடுவதற்கு இருக்கும் காலம். சிறுவயதில் தொடங்கினால், கண் வேகமாக வளரும் ஆண்டுகள் அத்தனையும் அதற்குக் கிடைக்கின்றன. அவர்களில்தான் மைனஸ் ஆறைத் தாண்டுபவர்கள் மிகுதி. அமெரிக்காவில் அத்தகைய சிறுவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த கோமெட் ஆய்வில், 15 வயதுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், 18 வயதுக்குள் நூற்றுக்கு 77 பேருக்கும், 24 வயதுக்குள் 96 பேருக்கும் பவர் நிலைத்துவிட்டது. உங்களுக்குத் தொடங்கியதே 20 வயதில் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே உங்கள்மேல் வைக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 20 வயதில் சோதித்தவர்களை 28 வயதில் மறுபடி சோதித்த ஆய்வு, 2022-இல் வெளியானது, உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. இருபதில் கிட்டப்பார்வை இல்லாதவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருபத்தெட்டுக்குள் அதைப் பெற்றிருந்தார்கள். ஆகவே இந்த வயதில் வந்ததற்காக நீங்கள் விநோதப் பிறவி ஆகிவிட மாட்டீர்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சராசரி 0.04 டயாப்டர்தான் நகர்ந்திருக்கிறது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு கண்ணிலாவது அரை டயாப்டரோ அதற்கு மேலோ எட்டு ஆண்டுகளில் கூடியிருந்தது.

அந்தச் சராசரியில் அசையாமல் நின்றவர்களும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. விடாமல் படிப்பவர்களை மட்டும் தனியே பார்த்தால் வேகம் கூடுதல். நார்வேயில் பொறியியல் மாணவர்களை மூன்றாண்டு கவனித்ததில் சராசரியாக அரை டயாப்டர் மைனஸ் பக்கம் நகர்ந்தது. உங்களுக்கு மூன்றாண்டில் வலக்கண்ணில் ஒரு டயாப்டர். அந்த மாணவர்களைப்போல் இருமடங்கு. அச்சப்பட வேண்டிய வேகம் இது என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டிய வேகம். பொதுவாக, வயது வந்தபின் தொடங்கும் கிட்டப்பார்வை சிறிய அளவிலேயே, பெரும்பாலும் மைனஸ் மூன்றுக்குள், நின்றுவிடும். இருபதுகளின் பிற்பகுதியில் வேகம் தளரும். மைனஸ் ஆறை எட்டுவது அரிது. மூன்றாண்டில் ஒன்று என்றால் பதினைந்தாண்டில் ஐந்து என்று நேர்கோட்டில் கணக்குப் போட்டுத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். கண் நேர்கோட்டில் போவதில்லை.

நான் உங்கள் சீட்டில் பார்ப்பது மூன்று இடங்களை. முதலாவது, கண்ணைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பவர் எடுத்தார்களா என்பது. எட்டு மணி நேரம் புத்தகத்தில் குவிந்திருக்கும் இளவயதுக் கண்ணில், குவிப்புத் தசை இறுகி விடுபடாமல் நின்று, இல்லாத மைனஸைக் காட்டுவதுண்டு. சொட்டு விட்டால் அந்தப் பொய்ப் பவர் கழன்றுவிடும். இரண்டாவது, புதிதாக வந்த சிலிண்டர். அரை என்பது சிறிய அளவுதான், ஆனால் உங்கள் வயதில் கருவிழி மெலிந்து கூம்பும் நோயும் இப்படித்தான் தலைகாட்டும்; கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், கருவிழியின் வடிவப்படம் ஒன்று எடுத்துவிடுங்கள். மூன்றாவது, சோதனைக்குச் சோதனை கால் டயாப்டர் கூடுவதும் குறைவதும் இயல்பு. காலையில் ஒருவர், மாலையில் மற்றொருவர் சோதித்தால் வேறு எண் வரும். கால் பவருக்காகப் புதுக் கண்ணாடி போடச் சொல்லும் கடையில் சற்று நிதானமாக யோசியுங்கள்.

குறைத்துக் கொடுத்த கண்ணாடியைப் பற்றி: அது பழைய நம்பிக்கை, நல்ல எண்ணத்திலேயே செய்திருப்பார்கள். ஆனால் மலேசியாவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே பவர் குறைத்துக் கொடுக்கப்பட்ட சிறுவர்களுக்குத்தான், முழுப் பவர் அணிந்தவர்களைவிடக் கிட்டப்பார்வை அதிகமாக ஏறியது. கண்ணாடி கண்ணைக் கெடுப்பதில்லை என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள். போட்டபின் தெளிவைப் பார்த்துவிடுவதால், கழற்றும்போது முன்பைவிட மங்கலாகத் தோன்றுகிறது. பவர் ஏறிவிட்டதாக எண்ணுவது அதனால்தான்.

பதில் 2: கீழக்கரைக் கணக்கர்

எனக்கு வயது 44. தம்பியின் கதையே என் கதையும் என்பதால் எழுதுகிறேன். 19 வயதில் பி.காம் படிக்கும்போது மைனஸ் அரையில் தொடங்கியது. துபாயில் கணக்கு வேலைக்குப் போன 23 வயதில் ஒன்றேகால் இருந்தது. அங்கே நாள் முழுவதும் பேரேட்டையும் திரையையும் பார்த்த முதல் நான்கு ஆண்டுகளில் இரண்டேகால் வரை போயிற்று. 31 வயதில் மைனஸ் 2.75. அதன்பின் பத்தாண்டு அசையவே இல்லை. பழைய சீட்டுகளை எல்லாம் பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில் வைத்திருந்ததால்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

ஆனால் 41 வயதில் ஒன்று நடந்தது. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த சமயம், இரண்டே வாரத்தில் தூரம் முற்றிலும் மங்கிவிட்டது. ஒரு கடையில் சோதித்ததில் மைனஸ் நாலேகால் என்றார்கள். வயது ஆகிறது, பவர் ஏறத்தான் செய்யும் என்று சொல்லி, விலைகூடிய கண்ணாடி ஒன்றையும் செய்து கொடுத்தார்கள். அந்த நாள்களில் தண்ணீர் குடித்து மாளவில்லை. இரவில் நான்கு முறை எழுந்தேன். கடையில் அதை யாரும் கேட்கவில்லை, கேட்காததைச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. என் அக்கா மகள் செவிலியர். அவள்தான் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். 380 காட்டியது. மாத்திரை தொடங்கிச் சர்க்கரை இறங்கியதும் புதுக் கண்ணாடி உதவாமல் போயிற்று. சில வாரங்களில் பழைய 2.75 கண்ணாடியே மறுபடி பொருந்திவிட்டது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது விழிலென்ஸ் நீர்கோத்து மைனஸ் காட்டும் என்றும், சர்க்கரை நிலைப்படும் வரை கண்ணாடியே மாற்றக் கூடாது என்றும் மருத்துவர் பிறகு விளக்கினார். மெதுவாக ஏறினால் அது கிட்டப்பார்வையின் போக்கு. வாரக்கணக்கில் குதித்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. என் வீட்டில் அந்தக் கண்ணாடி இன்னும் பெட்டி பிரிக்காததுபோல் கிடக்கிறது.

இன்னொரு செய்தி. இப்போது அலைபேசியைப் படிக்க நான் கண்ணாடியைக் கழற்றுகிறேன். என் வயதொத்த நண்பர்கள் வாசிப்புக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நான் கழற்றினாலே எழுத்து தெரிகிறது. நாற்பதுக்கு மேல் கிடைக்கும் சிறு சலுகை இது.

பதில் 3: மண்டபம் ஆசிரியை

தம்பியின் பதிவைப் படித்ததும் எனக்குத் தோன்றிய ஐயம் இதுதான்: கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படி வந்தது? என் வகுப்பில் கடற்கரைப் பிள்ளைகளைவிட நகரத்துப் பக்கத்திலிருந்து வருபவர்களே கண்ணாடி அணிகிறார்கள் என்பது என் கண்ணுக்குத் தெரிந்த வழக்கம். இதை நான் எண்ணிக் கணக்கெடுத்ததில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்றாண்டு முடிவில், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பேருக்கும், வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4 பேருக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. 2015-இல் வெளியான அந்த முடிவைப் படித்த நாள் முதல், விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குத் தாருங்கள் என்று யார் கேட்டாலும் நான் தருவதில்லை.

அதே வெயில் இருபத்து மூன்று வயதுக்காரருக்கும் உதவுமா? குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து பவரை நிறுத்தும் என்று ஒரு பெற்றோர் என்னிடம் சொன்னார். அதை இவர் பயன்படுத்தலாமா? உதவியாளர் அம்மா சொன்னால் நல்லது.

பதில் 4: ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர், மண்டபம்

ஆசிரியை கேட்டது நல்ல கேள்வி. தூரத்தைப் பார்ப்பதைவிட வெளிச்சமே பிள்ளைகளைக் காக்கிறது என்பதுதான் இப்போது பெரிதும் ஏற்கப்படும் கருத்து. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளந்தால், அறைக்குள் சில நூறு லக்ஸ் இருக்கும் இடத்தில், நம் கடற்கரை வெயிலில் பல பத்தாயிரம் லக்ஸ் இருக்கும். தம்பி பள்ளிப் பருவத்தில் வெளியில் திரிந்ததால் இருபது வயது வரை தப்பித்திருக்கலாம் என்று நான் ஊகிக்கிறேன். பிறகு மூன்றாண்டாக அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். பெர்த் ஆய்விலும் வெயில் குறைவாகப் பட்டவர்களுக்கும், பெற்றோருக்குக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் நகர்வு கூடுதலாக இருந்தது. ஆகவே வெயிலில் நடப்பது நல்லதுதான், ஆனால் இந்த வயதில் அது பவரை இவ்வளவு குறைக்கும் என்று எண் சொல்லுமளவுக்குச் சான்று திரளவில்லை. அட்ரோபின் ஆய்வுகள் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் சிறுவர்களிடம் நடந்தவை. மருத்துவர் எழுதாமல், 23 வயதில், கடையில் வாங்கி விட்டுக்கொள்ளும் மருந்து அது அன்று.

தம்பி இருட்டில் பார்த்த செம்பருத்தி விளக்குகளைப் பற்றியும் ஒரு சொல். இருட்டில் கண்ணின் பாவை விரிவதாலும், பார்க்க ஒன்றும் இல்லாதபோது கண்ணின் குவிப்பு சற்றுக் கிட்டத்திலேயே நின்றுவிடுவதாலும், இரவில் மைனஸ் கொஞ்சம் கூடித் தெரியும். இங்கிலாந்தின் அரச வானியலாளராக இருந்த நெவில் மாஸ்கலின், கப்பல்காரர்களுக்கு 1767-ஆம் ஆண்டுக்கானதில் தொடங்கி நாட்டிக்கல் அல்மனாக் என்னும் வானியல் பஞ்சாங்கத்தை வெளியிட்டவர், இரவில் விண்மீனைப் பார்க்கத் தமக்குக் கூடுதல் பவர் வேண்டியிருப்பதை 1789-இலேயே எழுதி வைத்திருக்கிறார். எனவே பகலில் எழுதிய கண்ணாடி இரவுக் கடலில் சற்றுக் குறைவாகத் தோன்றினால் பவர் ஏறிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

மறுமொழி: தங்கச்சிமடத்துக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போய், எல்லாச் சீட்டுகளையும் காட்டி, நீங்கள் சொன்னபடியே கேட்டேன். சொட்டு விட்டு எடுத்ததில் வலக்கண் மைனஸ் 1.50, இடக்கண் மைனஸ் 1.25 என்று வந்தது; சிலிண்டர் அரை அப்படியே இருக்கிறது. கால் டயாப்டர் பொய்ப் பவராகக் கழன்றுவிட்டது. கண்பந்தின் நீளம் வலப்பக்கம் 24.3 மில்லிமீட்டர். கருவிழி வடிவப்படம் இயல்பாக இருக்கிறது, சர்க்கரையும் இல்லை. மருந்தின் வேகம் அன்று முழுவதும் இறங்கவில்லை. பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறியபோது தண்ணீரில் பட்டுத் தெறித்த வெயிலைத் தாங்க முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். அலைபேசியில் அம்மாவின் பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை.

இரண்டு கேள்விகள் மட்டும் மிச்சம். லேசர் எப்போது செய்துகொள்ளலாம்? செய்துகொண்டால் லோகோ பைலட் வேலைக்குப் போக முடியுமா?

பதில் 5: ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர், மண்டபம்

நல்ல செய்தி, தம்பி. லேசருக்கு அவசரம் வேண்டாம். குறைந்தது ஓராண்டு பவர் அரை டயாப்டருக்கு மேல் நகராமல் இருந்தால்தான் செய்வார்கள். லேசர் கருவிழியைச் செதுக்குமே தவிர, கண்பந்து நீள்வதை நிறுத்தாது. நகர்ந்துகொண்டிருக்கும் கண்ணில் செய்தால் சில ஆண்டில் மறுபடி கண்ணாடி தேவைப்படும்.

வேலையைப் பற்றி மனம் நோகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவி லோகோ பைலட் பணி ஏ-1 பார்வை வகையைச் சேர்ந்தது. கண்ணாடி இல்லாமல் இரு கண்ணும் 6/6, அதாவது இயல்பான முழுப் பார்வை, இருக்க வேண்டும், லேசர் செய்துகொண்டவர்களையும் அந்தப் பணிக்கு ஏற்பதில்லை. வேலைக்காகவே லேசர் செய்து பணத்தையும் வேலையையும் ஒருசேர இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியுடன் ஏற்கும் எழுத்தர் பணிகள் இரயில்வேயிலேயே நிறைய உண்டு. அறிவிப்பில் ஒவ்வொரு பணிக்கும் எதிரே பார்வை வகை அச்சிட்டிருக்கும், விண்ணப்பிக்குமுன் அதைப் பாருங்கள்.

அடுத்த சோதனையை ஓராண்டு கழித்து, முடிந்தால் அதே இடத்தில், காலை வேளையில் செய்துகொள்ளுங்கள். இடையில் கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலவோ, திடீரெனக் கரும்புள்ளிகள் மழையாய் இறங்குவது போலவோ, ஓரத்தில் திரை விழுவது போலவோ தெரிந்தால் மட்டும் ஆண்டுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். அது விழித்திரை சம்பந்தப்பட்டது. புதுக் கண்ணாடியை முழுப் பவரில் போட்டுக்கொள்ளுங்கள். படுத்துக்கொண்டு படிக்கும்போது கழற்றி வைத்தால் குற்றமில்லை. அப்பாவுடன் கடலுக்குப் போகும் நாளில் காதுப்பிடி இரண்டையும் சேர்த்துப் பின்னால் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்; உப்புத் துளி காய்ந்த கண்ணாடியைக் கைலியில் துடைத்தால் கீறல் விழும், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிய பிறகே துடையுங்கள்.